எபிசோட் 41: பாட்டில் பாக்டீரியா நிஜமா வேலை செய்யுமா? செஞ்சியில ஒரு மீன் தொட்டி

(ஆடியோவில் இருந்த இழுவை, திரும்பச் சொன்னது, நடுவுல கேட்ட குக்கர் விசில் எல்லாத்தையும் எடுத்துட்டுத் தொகுத்த எழுத்து வடிவம்.)

போன வாரம் சொன்ன டேட்டாபேஸ் எபிசோட் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிடுச்சு. இந்த வாரம் மீன். பதினோரு வயசுப் பொண்ணு ஒருத்திக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அதைத் தேடப் போய் மூணு மாசம் நானே இதுல மாட்டிக்கிட்டேன்.

என் அக்கா குடும்பம் செஞ்சியில இருக்கு. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்துச்சே, அதுல தமிழ்நாட்டுல இருக்கிற ஒரே கோட்டை செஞ்சிதான். அக்கா வீட்டு மொட்டை மாடியில நின்னா ராஜகிரி மலை நேரா தெரியும். அக்கா பொண்ணு ஒரு வருஷமா மீன் தொட்டி கேட்டுக்கிட்டு இருந்தா. பிறந்தநாளுக்குத் தாய்மாமன் நான் வாங்கித் தர்றதா ஒத்துக்கிட்டேன்.

சென்னையில ஒரு கடையில ரெண்டு அடி நீளத் தொட்டி வாங்கினேன். ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணி பிடிக்கும். ஒரு ஃபில்டர், கொஞ்சம் கலர் கல்லு, நாலு சின்ன கோல்டு ஃபிஷ். அப்புறம் ஒரு கவர்ல மூணு குட்டி பாட்டில் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணு ஆன்டி குளோரின். ஒண்ணு நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ. மூணாவது பாட்டில்தான் இன்னைக்கு நம்ம ஆளு. "இதுல நல்ல பாக்டீரியா இருக்கு சார், ஊத்தினா இன்னைக்கே மீன் விட்டுடலாம்"னு சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். ஆபீஸ்ல யாராவது டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்‌ஷன்ல ஏத்தினா சண்டைக்குப் போற ஆளு நான். இங்க ஒரு கேள்வி கூடக் கேக்கல.

மே மாசம். மதியம் பஸ் ஏறி, திண்டிவனம் வழியா நாலு மணி நேரம். செஞ்சி போய் தொட்டியை வச்சு, மூணு பாட்டிலையும் வரிசையா ஊத்தி, மீனை விட்டாச்சு. அவ சந்தோஷத்தைப் பாக்கணுமே. ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சுட்டா.

நாலாம் நாள் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பிச்சுது. ஆறாம் நாள் ரெண்டு போச்சு. ஒன்பதாம் நாள் தொட்டி காலி. போன்ல அவ அழல. "மாமா, நான் சாப்பாடு அதிகமாப் போட்டுட்டேனா?"னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. "இல்லடா"ன்னு சொன்னேன், ஆனா தெரிஞ்சு சொல்லல.

அடுத்த சனிக்கிழமை ஒரு டெஸ்ட் கிட் வாங்கிக்கிட்டுப் போனேன். சோதனைக் குழாய்ல அஞ்சு மில்லி தண்ணி எடுத்து, ரெண்டு மூணு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுறதை கார்டோட ஒப்பிட்டுப் பாக்குற வகை. அம்மோனியா மஞ்சள்ல ஆரம்பிச்சுக் கரும்பச்சை வரைக்கும் போகும். எங்க தொட்டி கார்டோட கடைசிக் கட்டத்துல நின்னுச்சு, 8 பிபிஎம். அதாவது லிட்டருக்கு 8 மில்லிகிராம். இருக்க வேண்டியது பூஜ்யம். இன்னொரு எண்ணும் பாத்தேன். நைட்ரைட். அது சுத்தமா பூஜ்யம். எனக்கு அதிர்ச்சியா இருந்தது இந்த ரெண்டாவது எண்தான். ஏன்னு சொல்றேன்.

அம்மோனியா எங்க போகணும்?

மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாவே வெளியேத்தும். சாப்பிடாத தீனி, கழிவு எல்லாம் அழுகினாலும் அம்மோனியாதான் வரும். ஆத்துலயோ ஏரியிலயோ அது கரைஞ்சு போயிடும். 50 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில எங்க போகும்? செவுளைப் புண்ணாக்கி, மீனை மூச்சுத் திணற வைக்கும்.

பழகின தொட்டியில ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை ஆக்சிஜனோட சேர்த்து நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். ரத்தத்துல ஆக்சிஜன் ஏத்திப் போற வேலையையே அது கெடுத்துடும், மீனோட ரத்தம் பழுப்பா மாறிடும். ரெண்டாவது வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்து இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி மாத்தினா போதும், செடி இருந்தா அதுவும் கொஞ்சம் எடுத்துக்கும். இந்த ரெண்டு கூட்டமும் ஒரு தொட்டியில குடியேறி வேலையை எடுத்துக்கிறதைத்தான் மீன் வளர்க்கிறவங்க "சைக்கிள் ஆகுறது"ன்னு சொல்றாங்க.

இப்போ அந்தப் பூஜ்யத்துக்கு வாங்க. ரெண்டு வாரம் ஆகியும் நைட்ரைட் துளிகூட இல்லைன்னா, முதல் கூட்டமே வேலையை ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். நான் பாட்டில்ல ஊத்தினது என்னவா இருந்தாலும், அது அம்மோனியாவைத் தொடவே இல்ல.

இந்த பாக்டீரியாவோட பெரிய குணம் நிதானம். நம்ம வயித்துல இருக்கிற ஈ கோலை நல்ல சூழல்ல 20 நிமிஷத்துல இரட்டிப்பாகும். இதுங்களுக்கு நல்ல சூழ்நிலையிலயே பல மணி நேரம், பெரும்பாலும் ஒரு நாள் வரைக்கும் ஆகும். சர்க்கரை, மாவு மாதிரி எதையும் சாப்பிடாம, அம்மோனியாவை எரிச்சுக் கிடைக்கிற கொஞ்சூண்டு சக்தியை வச்சு, காத்துல இருக்கிற கார்பன்ல உடம்பைக் கட்டிக்கிற ஜீவன்கள். இப்படி ஒரு பிழைப்பு உலகத்துல உண்டுன்னு காட்டினவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1880-களோட கடைசியில.

அவருக்கும் முன்னாடி நடந்த ஒரு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 1877, பிரான்ஸ். ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ்னு ரெண்டு பேர். ஒரு நீளக் குழாய்ல மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, மேல இருந்து சாக்கடைத் தண்ணியை மெதுவா விட்டாங்க. ஏறக்குறைய 20 நாள் அம்மோனியா அப்படியே கீழ வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நைட்ரேட் வர ஆரம்பிச்சுது. வெறும் ரசாயன வினையா இருந்தா எதுக்கு 20 நாள் காத்திருக்கணும்? சந்தேகப்பட்டு குளோரோஃபார்ம் ஆவியை உள்ள விட்டாங்க. நைட்ரேட் நின்னு போச்சு. ஆவியை எடுத்த பிறகும் தானா திரும்பல. கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கரைச்ச தண்ணியை ஊத்தினதும் திரும்ப ஆரம்பிச்சுது. அப்போ உயிருள்ள ஏதோ ஒண்ணுதான் இந்த வேலையைச் செய்யுதுன்னு முடிவுக்கு வந்தாங்க.

மீன் தொட்டி வச்சவங்க யாரும் இதைக் கேட்டா சிரிப்பாங்க. அதே இருபது சொச்சம் நாள். ஒரு விஷம் உள்ள போனா எல்லாம் நின்னு போறது. வெளியில இருந்து கொஞ்சம் உயிர் ஊத்தினா திரும்பக் கிளம்புறது. அந்த மண் கரைச்ச தண்ணிதான் என்னைக் கேட்டா முதல் பாட்டில் பாக்டீரியா.

பிரைமோர்

இதை அக்காகிட்ட விளக்கினப்போ அவ ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. "பிரைமோர்னு சொல்லேண்டா."

அதேதான். காய்ச்சின பாலை அப்படியே வச்சாலும் ஒரு நாள் புளிக்கும், எப்படிப் புளிக்கும்னு சொல்ல முடியாது. ஒரு ஸ்பூன் மோர் விட்டா காலையில தயிர். பாட்டில் பாக்டீரியாவோட தத்துவம் இவ்வளவுதான். ஆனா பிரைமோர்ல நாலு விஷயம் சரியா இருக்கணும்னு எல்லா அம்மாவுக்கும் தெரியும். மோர் உயிரோட இருக்கணும். அது தயிர் மோரா இருக்கணும், வேற எதையாவது விட்டா உறையாது. விடுறதுக்குப் பால் இருக்கணும். பால் கொதிக்கிற சூட்டுல இருக்கக் கூடாது. நான் இந்த நாலுலயும் தப்பு பண்ணியிருக்கேன். நிஜமாவே நாலுலயும்.

முதல்ல பாட்டிலுக்குள்ள என்ன இருந்துச்சு. காலி பாட்டில் குப்பையில கிடந்துச்சு, எடுத்து லேபிளைப் படிச்சேன். பேசில்லஸ் வகைப் பேர்கள் மூணு. பேசில்லஸ் கெட்ட ஆள் இல்ல. அழுகுற தீனி, சளி மாதிரிப் படியுற கழிவு எல்லாத்தையும் அரிச்சு உடைக்கும். அப்படி உடைக்கும்போது அம்மோனியா வெளிய வரும்! நமக்குத் தேவைப்பட்டது அந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குற ஆளு. அம்மோனியாவுக்கு நைட்ரோசோமோனாஸ் மாதிரி ஒண்ணு, நைட்ரைட்டுக்கு நைட்ரோஸ்பைரா மாதிரி ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி லேபிள்ல இந்தப் பேர்களைத் தேடுங்க.

பின்ன ஏன் இவ்வளவு பாட்டில்ல பேசில்லஸ்? வியாபாரத்துக்கு வசதி. பேசில்லஸ் வித்து மாதிரி ஒரு கெட்டியான ஓட்டுக்குள்ள போய் உறங்கிடும். சூடு, வறட்சி எதுக்கும் அசையாது, வருஷக்கணக்கா அலமாரியில கிடக்கும். நைட்ரோசோமோனாஸுக்கும் நைட்ரோஸ்பைராவுக்கும் அந்த வித்தை கிடையாது. குளிர்ச்சியா, இருட்டா வச்சா சில மாசம் தாக்குப்பிடிக்கும். சூடு ஏறினா சாகும், உறைஞ்சாலும் சாகும். மே மாசக் குடோன், மே மாசக் கடை, மே மாசப் பஸ்ஸோட மேல் தட்டு. நான் சரியான பாட்டிலே வாங்கியிருந்தாலும் திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள பாதி போயிருக்கும்.

பேசில்லஸ் பாட்டில் அம்மோனியாவைக் குறைக்கிறதே இல்லைன்னு சொன்னா அதுவும் தப்பு. இறால் குட்டைகள்ல வெல்லப்பாகு ஊத்துவாங்க. இனிப்பு கிடைச்சதும் இந்த மாதிரி பாக்டீரியா வேகமாப் பெருகும், பெருகும்போது உடம்பு கட்ட அம்மோனியாவை இழுத்துக்கும். அது வேற கணக்கு. வரவேற்பறையில இருக்கிற தொட்டியில யாரும் வெல்லம் ஊத்துறதில்ல. தயவுசெஞ்சு ஊத்தாதீங்க, ஆக்சிஜன் போயிடும்.

நைட்ரோஸ்பைரா பத்தி ஒரு சின்னக் கதை. ரொம்ப காலமா நைட்ரைட்டைத் தின்னுறது நைட்ரோபேக்டர்னுதான் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லிச்சு, நான் பள்ளியில படிச்சதும் அதுதான். 1998ல டிமோதி ஹோவனெக்கும் அவர் குழுவும் நன்னீர் மீன் தொட்டிகள்ல மரபணு வழியாத் தேடிப் பாத்தா, அந்த வேலையைச் செய்துக்கிட்டு இருந்தது நைட்ரோஸ்பைரா மாதிரியான பாக்டீரியா. 2015ல இன்னொரு திருப்பம்: ரெண்டு கட்டத்தையும் தனி ஒரே பாக்டீரியா முடிக்கிறதை ரெண்டு குழுக்கள் கண்டுபிடிச்சாங்க. அதுல நெதர்லாந்து குழு எடுத்த மாதிரி ஒரு மீன் வளர்ப்பு அமைப்போட ஃபில்டர்ல இருந்து வந்தது. அதுவும் ஒரு வகை நைட்ரோஸ்பைராதான்.

அடுத்த தப்பு, அந்த நீல மருந்து. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிக்கும் மெத்திலீன் ப்ளூ நல்ல மருந்துதான். ஆனா அது தனிப் பாத்திரத்துல நோயாளி மீனை வச்சுக் குடுக்க வேண்டியது. தொட்டியில ஊத்தினா இந்த நைட்ரஜன் பாக்டீரியாவையும் அடிச்சுடும். அந்த 1877 குளோரோஃபார்ம் கதை நம்ம வீட்டுலயே. ஒரே கவர்ல உயிரையும் குடுத்து, அதைக் கொல்ற மருந்தையும் குடுத்து, "வரிசையா ஊத்துங்க"ன்னு அனுப்புற பழக்கம் பல கடையில இருக்கு. மீன் வாங்குறப்போ கேளுங்க. மூணாவதா இருந்த ஆன்டி குளோரின் எங்களுக்குத் தேவையே இல்ல, போர் தண்ணியில குளோரின் ஏது? கார்ப்பரேஷன் தண்ணி பிடிக்கிறவங்களுக்கு அது கட்டாயம். பிளீச்சிங் பவுடர் மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும்.

தண்ணியைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். அக்கா வீட்டு போர் தண்ணி கடினத் தண்ணி. பிஎச் 8.2 காட்டுச்சு. அம்மோனியா தண்ணியில ரெண்டு வடிவத்துல இருக்கும். ஒண்ணு அம்மோனியம், அவ்வளவா கெடுதல் இல்ல. இன்னொண்ணு நிஜ அம்மோனியா, அதுதான் கொல்லும். 28 டிகிரி தண்ணியில, பிஎச் 7ன்னா விஷ வடிவம் நூத்துல ஒண்ணுக்கும் கீழ. பிஎச் 8.2ன்னா கிட்டத்தட்ட பத்து. அதே அளவு தீனி, அதே அளவு மீன், ஆனா செஞ்சி தண்ணியில விஷம் பத்து மடங்குக்கு மேல. இதைக் கேட்டுட்டு உடனே 20 லிட்டர் கேன் தண்ணி வாங்கி ஊத்தாதீங்க. அம்மோனியாவை எரிக்கும்போது இந்த பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கும், அதைச் சரிக்கட்ட தண்ணியில இருக்கிற கார்பனேட் உப்பு வேணும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரத்தன்மை செலவாகும். ஆர்ஓ பண்ணின கேன் தண்ணியில அது ரொம்பக் கொஞ்சம். பிஎச் சரிஞ்சு, பாக்டீரியா வேலையை நிறுத்திடும். அந்தப் பிரான்ஸ் குழாய்ல மணலோட சுண்ணாம்புக்கல்லும் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஆக, மீனுக்கு ஆபத்தான அதே கடினத் தண்ணி பாக்டீரியாவுக்கு விருந்து. முதல்ல பாக்டீரியா, அப்புறம் மீன். வரிசை மட்டும் மாறக் கூடாது.

நாலு பக்கெட்

இதெல்லாம் படிச்சது. பாத்து நம்பணும்ல. சென்னையில பால்கனியில நாலு பக்கெட் வச்சேன், ஒவ்வொண்ணுலயும் 15 லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப். துணி காயப்போட இடம் இல்லைன்னு அம்மா ஒரு மாசம் என்கிட்டச் சரியாப் பேசல.

மீன் இல்லாம அம்மோனியாவுக்கு எங்க போறது? அம்மோனியம் குளோரைடு. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க சூடு காட்டித் தேய்ப்பாங்களே, அந்த வெள்ளைப் பொடி. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும், ஆனா சுத்தத்தைச் சொல்ல முடியாது, நான் கெமிக்கல் கடையில வாங்கினேன். சமையல் தராசுல கால் கிராம் நிறுக்க முடியாது. அதனால 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு பாட்டில்ல வச்சுக்கிட்டேன். அதுல 10 மில்லி எடுத்தா 15 லிட்டர் பக்கெட்டுக்கு 2 பிபிஎம். 50 லிட்டர் தொட்டின்னா 30 மில்லி. பாட்டில் மேல பெருசா "குடிக்காதே"ன்னு எழுதி ஒட்டுங்க.

முதல் பக்கெட்ல எதுவும் சேர்க்கல. ரெண்டாவதுல பழைய பேசில்லஸ் பாட்டில், புதுசா வாங்கினது. மூணாவதுல நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா பேர் போட்ட வேற பாட்டில், தயாரிப்புத் தேதி பாத்து, கடையில ஃப்ரிட்ஜ்ல இருந்ததை எடுத்துக்கிட்டு வந்தேன். விலை மூணு மடங்கு. நாலாவது பக்கெட்டுக்கு கொளத்தூர் போனேன்.

கொளத்தூர் தெரியாதவங்களுக்கு: வட சென்னையில வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர் போன பகுதி. அங்க வீட்டுக்குப் பின்னாடி சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற ஒரு பெரியவர்கிட்டப் பேச்சுக் குடுத்தேன். நான் பாட்டில் கதை சொல்லச் சொல்ல அவர் சிரிச்சுக்கிட்டே, பாசி ஏறின ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்துக் கவர்ல போட்டுக் குடுத்தார். "இதைக் கொண்டுபோய் வைங்க தம்பி. காசெல்லாம் வேணாம்."

ஒரு மாசம் தினமும் ராத்திரி டெஸ்ட் எடுத்து ஷீட்ல போட்டேன். பழைய ஸ்பாஞ்ச் பக்கெட் அஞ்சாம் நாளே ரெண்டு எண்ணும் பூஜ்யம். பேர் போட்ட பாட்டில் பன்னெண்டாம் நாள். பேசில்லஸ் பாட்டில் இருபத்தஞ்சு, ஒண்ணுமே ஊத்தாத பக்கெட் இருபத்தேழு. நாலு பக்கெட் வச்சுப் பாத்தா ஆராய்ச்சி ஆகாது, அந்த ரெண்டு நாள் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்ல. ஆனா என் மனசுல இருந்த கேள்விக்கு விடை கிடைச்சுது. சரியான பாட்டில், உயிரோட வந்து சேர்ந்தா, நாளைக் குறைக்கும். "இன்னைக்கே மீன் விடலாம்"ங்கிற அளவுக்கு என் பக்கெட்ல குறையல.

பழைய ஸ்பாஞ்ச் ஏன் ஜெயிக்குது? இந்த பாக்டீரியா தண்ணியில மிதக்குறதை விட எது மேலயாவது ஒட்டிக்கிட்டு வாழறதுதான் அதிகம். ஸ்பாஞ்ச், கல்லு, கண்ணாடி, செடியோட தண்டு. பாட்டில்ல மிதக்குறது வீடு தேடிக்கிட்டு இருக்கிற கூட்டம். ஸ்பாஞ்ச்ல இருக்கிறது குடும்பம் குட்டியோட வீட்டையே தூக்கிக்கிட்டு வர்ற கூட்டம். தொட்டித் தண்ணியைக் கடன் வாங்கி ஊத்துறதுல பெருசாப் பலன் இல்லைங்கிறதும் இதனாலதான். ஒரே பயம், ஸ்பாஞ்சோட நோயும் வரலாம். நம்பிக்கையான, மீன் நல்லா இருக்கிற தொட்டியில இருந்து மட்டும் வாங்குங்க.

கேரளாவுல இதைப் பெரிய அளவுல பண்ணியிருக்காங்க. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஐ.எஸ். பிரைட் சிங் குழு, இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்காக நைட்ரஜன் பாக்டீரியாவைப் பிளாஸ்டிக் மணிகள் மேல ஒட்ட வச்சு, அந்த மணிகளை அடைச்ச கலன் வழியாத் தண்ணியை ஓட்டினாங்க. பொரிப்பகக்காரர் இருபது நாள் காத்திருக்க முடியாது, லட்சக்கணக்கான குஞ்சு கையில இருக்கும். சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், சிபான்னு சொல்வோமே, அவங்களும் இறால் குட்டைக்கு சிபாமாக்ஸ்னு ஒரு நுண்ணுயிர்க் கலவை வச்சிருக்காங்க. செஞ்சி இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்துல, மரக்காணம் கடலோரத்துல இறால் பொரிப்பகங்கள் இருக்கு. அவங்களுக்கு இது பொழைப்பு. நமக்குத்தான் அலமாரியில ஒரு அழகான பாட்டில்.

திரும்ப செஞ்சி

நாலாவது பக்கெட் ஸ்பாஞ்சை ஈரத்தோட ஒரு கவர்ல போட்டு, பாதிக்கு மேல காத்து விட்டுக் கட்டி, இந்தத் தடவை விடியற்காலை பஸ்ல போனேன். அக்கா பொண்ணு கதவுகிட்டயே நின்னா. பாட்டில் எங்கன்னு கேட்டா. அழுக்கு ஸ்பாஞ்சைக் காட்டினேன். மூஞ்சி போன போக்கு!

அன்னைக்கு சாயங்காலம் கோட்டைக்குப் போயிருந்தோம். ராஜகிரி அடிவாரத்துல சக்கரக்குளம் பக்கத்துல அவ கேட்டா: "இந்தக் குளத்துக்கு யார் மாமா மருந்து ஊத்தினா?" யாரும் ஊத்தல. நூத்துக்கணக்கான வருஷமா கல்லுலயும் சேத்துலயும் அந்தக் கூட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவு தண்ணியும் இருக்கு. "அப்போ அங்க இருந்து ஒரு கல்லு எடுத்துப் போட்டா?" நல்ல கேள்விதான். ஆனா அது தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கிற இடம், ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. அதோட குளத்துச் சேறு வந்தா தும்பிப் புழுவும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். தும்பிப் புழு சின்ன மீனைப் பிடிச்சுத் தின்னும்.

அவளே பொறுப்பு எடுத்துக்கிட்டா. தினமும் நவச்சாரத் தண்ணி 30 மில்லி, மறுநாள் அதே நேரத்துக்கு டெஸ்ட், நோட்டுல எண். கணக்கு இதுதான்: 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகணும், அதுவும் தொடர்ந்து மூணு நாள். எட்டாம் நாள் போன் பண்ணினா. அதுக்கப்புறம் தண்ணியில பெரும்பகுதியை மாத்தி, சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் குறைச்சு, நாலு கப்பி விட்டோம். கோல்டு ஃபிஷ் 50 லிட்டருக்குப் பெரிய மீன், அழுக்கும் அதிகம். கப்பி கடினத் தண்ணிக்குச் சரியா ஒத்துப்போகும்.

ஏற்கெனவே மீனை விட்டுட்டு இதைக் கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பதறாம தீனியைப் பாதியாக் குறைங்க. தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்க, ஏறினா மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் தண்ணி மாத்துங்க. நைட்ரைட் ஏறியிருந்தா லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைச்சு விடலாம், உப்புல இருக்கிற குளோரைடு நைட்ரைட் செவுள் வழியா உள்ள போறதைத் தடுக்கும். ஃபில்டரைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே பிழிஞ்சு வைங்க. கூடவே சரியான பாட்டில் கிடைச்சா ஊத்துங்க, கெடுதல் இல்ல.

அவ கேட்ட அந்தக் கேள்விக்கும் பதில் சொன்னேன். நோட்டைத் திறந்து வச்சு உக்காந்து, சாப்பாடு கொஞ்சம் கூடத்தான் போட்டிருப்ப, ஆனா நீ பாதி போட்டிருந்தாலும் அந்தத் தொட்டியில அதை எரிக்க யாரும் இல்லைன்னு சொன்னேன். மீன் விடுற நாளை முடிவு பண்ணினது நீ இல்ல, நான். ரொம்ப நேரம் எண்களைப் பாத்துக்கிட்டு இருந்தா. "அப்போ நைட்ரைட் பூஜ்யம்னா எப்பவும் நல்லதுன்னு அர்த்தம் இல்லையா?"ன்னு கேட்டா. என் டீம்ல சில பேருக்கு இந்த விஷயத்தைப் புரிய வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

போன வாரம் ஈபி பராமரிப்புக்காக காலையில இருந்து கரண்ட் இல்ல. "ஃபில்டர் நின்னு மூணு மணி நேரம் ஆச்சு மாமா, பாக்டீரியா செத்துடுமா?" மூடின டப்பா மாதிரி ஃபில்டர்னா பயப்படணும், உள்ள ஆக்சிஜன் தீர்ந்து கூட்டம் சாக ஆரம்பிக்கும். திறந்த ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணியிலயே இருக்கிறதால அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் ஆகாது. ஆனாலும் பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி அனுப்பிட்டேன்.

நேத்து ராத்திரி அடுத்த போன். கப்பி குட்டி போட்டிருக்கு. பதினாறு, எண்ணிட்டா. இத்தனையையும் தொட்டி தாங்குமான்னு கவலை. பாக்டீரியாக் கூட்டம் கிடைக்கிற அம்மோனியா அளவுக்குத்தான் இருக்கும், குட்டிங்க மெதுவா வளர வளர அதுவும் மெதுவா வளர்ந்துக்கும், ஒரே நாள்ல பத்துப் பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டாத்தான் திணறும்னு சொன்னேன். ஒரு வாரத்துக்கு தினமும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கேன். பாதிக் குட்டியைப் பள்ளிக்கூடத் தோழிக்குக் குடுக்கப் போறாளாம். கூடவே ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டும்.